சுண்ணாம்பு கட்டிய கரை

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால், குலசேகரன்பட்டினத்தைத் தாண்டி, ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் மணப்பாடு. வழியெல்லாம் தட்டைத் தரை. பனை, உடைமரம், அங்கங்கே தேரியின் செம்மணல் மேடு. கண்ணை நிறுத்தும் உயரம் எதுவும் கிடையாது. ஊருக்குள் நுழையும்போதுதான் கடலை ஒட்டி ஒரு குன்று எழுந்து நிற்பது தெரியும். வேறு ஊரில் இருந்தால் அதைக் குன்று என்றுகூடச் சொல்லமாட்டார்கள்; இந்தக் கரையில் அது மலை. மேலே திருச்சிலுவைக் கோயில். கடலைப் பார்த்த பக்கத்தில், பாறைக்கு அடியில், புனித சவேரியார் தங்கி ஜெபித்ததாக ஊர் சொல்லும் குகை.

வருகிறவர்கள் குகைக்குள் போய்ப் பீடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வெளியே நின்று பாறையையும் கொஞ்சம் பார்க்கலாம். நம் ஊர்க் கோயில்களில் பழகிய கருங்கல் அல்ல இது. விரலால் தேய்த்தால் மணல் உதிரும். உற்றுப் பார்த்தால் மணலுக்கு இடையே நொறுங்கிய சிப்பித் துணுக்குகள். பாறை முகத்தில் சாய்ந்த கோடுகள் அடுக்கடுக்காக ஓடும். ஓர் அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் அதன்மேல் அடுக்கு வேறு பக்கம் சாயும். காற்று அடித்து அடித்து மணல் குவிந்த திசைகள் அவை. இந்தக் குன்று ஒரு காலத்தில் மணல்மேடு. அது அப்படியே கல்லாகிவிட்டது.

மணல் எப்படிக் கல்லாகும்? பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீரில் குழாய் வைத்து ஊதியிருப்போம். நம் மூச்சிலுள்ள கரியமிலவாயு பட்டதும் நீர் பாலாகும். அத்தோடு வாத்தியார் பாடத்தை முடித்துவிடுவார். ஆனால் விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் பாலான நீர் மறுபடி தெளிந்துவிடும். முதலில் வெள்ளையாகத் திரண்டது கரையாத கால்சியம் கார்பனேட். வாயு மேலும் சேரச் சேர அது கரையும் பொருளாக மாறிவிடுகிறது. அந்த நீரைச் சூடாக்கினால், அல்லது காற்றுப்பட வைத்து வற்றவிட்டால், வெள்ளை திரும்பி வரும். உலகத்துச் சுண்ணாம்புக் குகைகளின் கதை முழுவதும் இந்தக் கண்ணாடிக் குவளைக்குள் அடக்கம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் கரியமிலவாயுவை ஏற்றிக்கொண்டு இறங்குகிறது. போகிற வழியில் சுண்ணாம்பைக் கரைக்கிறது. வற்றும் இடத்தில் அதைத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறது.

மணப்பாட்டில் நடந்தது அந்தப் பாடத்தின் இரண்டாம் பாதி. கடல் கரையில் ஒதுக்கிய மணலில் பாதி குவார்ட்ஸ் என்றால் மீதி சிப்பி, சங்கு, நுண்ணுயிர்களின் ஓட்டுத்தூள். காற்று அதை மேடாக்கியது. மேட்டில் விழுந்த மழை மேல்பக்கத்து ஓட்டுத்தூளைக் கரைத்தது. கீழே இறங்கிக் காய்ந்தபோது மணிக்கும் மணிக்கும் இடையே சுண்ணாம்பைப் பூசி ஒட்டியது. கொத்தனார் கலவை போடுகிற அதே வேலை, மேஸ்திரி இல்லாமல். வறண்ட காலம் நீண்டும் மழைக்காலம் குறுகியும் இருக்கிற கடற்கரைதான் இதற்குத் தோது. ஆண்டு முழுதும் கொட்டும் மழை, ஒட்டிய சுண்ணாம்பைத் திரும்பக் கழுவிவிடும். நிலத்துக்குள் இதே வேலை நடந்து உண்டான கடினப் படுகையை நம் கிணறு வெட்டுபவர்கள் சுக்கான் என்பார்கள். சுக்கான் பாறை வந்துவிட்டால் கூலி கூடும் என்பது இந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் கல்லையும் மண்ணையும் நடந்து பார்த்து 1883இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் 1863இல் பழங்கற்காலக் கருவியை முதலில் கண்டெடுத்த அதே ஃபூட்தான். தேரி மணலையும் கரையோரச் சுண்ண மணற்கல்லையும் பற்றிய ஆய்வுகள் அவரிடமிருந்தே தொடங்குகின்றன. சாத்தான்குளம் பக்கத்துப் பனம்பாறை என்ற சிற்றூரின் பெயரை இன்றும் புவியியல் ஏடுகளில் பார்க்கலாம். இப்பகுதியின் பழைய சுண்ண மணற்கல்லுக்கு அந்த ஊர்ப் பெயர்தான்.

*

குகைகள் என்றதும் பிரான்சின் நினைப்பு வருவது இயல்பு. அங்கே ஆட்சியின் கடைசி அலகுக்கு 'கொம்யூன்' என்று பெயர். நம் ஊராட்சி மாதிரி. நாடு முழுக்கச் சுமார் 35,000 இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. அப்படிப்பட்ட சின்ன ஊர்கள் சில, காலடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையாலேயே உலகப் படத்தில் ஏறின. தென்மேற்கே வெசேர் ஆற்றங்கரையிலுள்ள லெ எய்சியில் 1868இல் ரயில் பாதை வேலைக்காகத் தோண்டியபோது பாறை ஒதுக்கில் பழைய மனிதர்களின் எலும்புகள் கிடைத்தன. 'குரோ-மாக்னன் மனிதன்' என்று பாடப்புத்தகங்கள் சொல்வது அவர்களைத்தான். அதே ஆற்றின் மேற்பக்கத்து மோந்தின்யாக்கில் 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் லாஸ்கோ குகைக்குள் இறங்கி, சுவரெங்கும் காளைகளும் குதிரைகளும் ஓடுவதைக் கண்டார்கள். தெற்கே இன்னும் தள்ளி பதிராக் என்ற ஊரின் வயல்வெளியில் 75 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பெரும் பள்ளம். குகை ஆய்வாளர் எதுவார்-ஆல்ஃபிரெட் மார்தெல் 1889இல் அதில் இறங்கிப் பார்த்தார். அடியில் ஓர் ஆறே ஓடிக்கொண்டிருந்தது. இன்று அதில் படகு விடுகிறார்கள்.

அந்தப் பாறைக்கு வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். டைனோசர்கள் திரிந்த காலத்துக் கடல்களின் அடியில் படிந்து, இறுகி, மேலே தூக்கப்பட்டு, பிறகு மழைநீர் மெல்ல மெல்ல உள்ளே குடைந்தது. மணப்பாட்டுக் கல் அதோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை. இங்கே குகையைக் குடைந்ததில் மழைக்குப் பங்கு சொற்பம். முன்னின்று குடைந்தது அலை. மிருதுவான அடுக்கைக் கடல் கீழே அரிக்கும், கெட்டியான அடுக்கு மேலே கூரையாக நிற்கும், ஒருநாள் அதுவும் விழும். ஆகவே சுண்ணாம்புக் குகைநாடு என்று பிரெஞ்சுக்காரர் சொல்வதன் முழுப் பொருளில் தூத்துக்குடிக் கரை அப்படிப்பட்டதல்ல. இதை மறைத்துவிட்டு ஒப்பிடுவதில் எனக்கு விருப்பமில்லை.

தமிழர் வாழும் நிலத்தில் அசல் சுண்ணாம்பு நாடு எது என்றால், பாக் நீரிணைக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணம். தீபகற்பம் முழுவதுமே மயோசீன் காலச் சுண்ணாம்புப் பாறை. அங்கே வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்தால் நீர் பாறைக்குள் போய்விடும். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறு உண்மையில் கிணறே அல்ல; பாறையின் கூரை இடிந்து விழுந்து நிலத்தடி நீர் தெரிகிற இடம். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கேணி. காங்கேசன்துறையில் 1950இல் சிமெண்டு ஆலை வந்ததும் இந்தப் பாறையை நம்பித்தான்.

இந்த ஊர்களுக்குள் ஓர் ஒற்றுமை. பதிராக் பள்ளத்தைச் சாத்தான் குதிகாலால் உதைத்து உண்டாக்கினான் என்றும், புனித மார்ட்டினின் கோவேறு கழுதை அதைத் தாண்டிக் குதித்தது என்றும் அங்குள்ளவர்கள் கதை சொல்கிறார்கள். நிலாவரையை வானரப் படையின் தாகம் தீர இராமன் அம்பு எய்து திறந்தான் என்பது ஈழத்து நம்பிக்கை. திருச்செந்தூர் நாழிக்கிணறு, சூரனோடு போரிட்டுக் களைத்த படைவீரர்களுக்காக முருகன் வேல் ஊன்றி எடுத்தது. ஒருவரையொருவர் அறியாத மூன்று ஊர்கள், தம் காலடிப் பொத்தலுக்கு ஒரே வகைக் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கின்றன. கெட்டித் தரையில் திடீரென்று ஒரு வாய் திறந்திருந்தால், அதை யாரோ ஓங்கிக் குத்தியிருக்க வேண்டும் என்றுதான் மனம் போகிறது. கரைந்தது என்று தோன்றுவதில்லை. கரைவதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லையே.

*

திருச்செந்தூர்க் கோயில் நிற்பதும் இதே இனத்துக் கல்லின் மேல்தான். அலைவாய்க் கரையில் எழுந்த மணற்பாறைச் சரிவைச் சந்தன மலை என்று பக்தர்கள் அழைக்கிறார்கள். கோயிலுக்குள் பெருமாள் சந்நிதி பாறையோடு சேர்ந்தது. மூலவருக்குப் பின்னால் பஞ்சலிங்கம் இருக்கும் சிற்றறைக்குக் குனிந்து போகவேண்டும். வடக்கே கடலோரம் வள்ளிக்குகை. ஒற்றை ஆள் நுழையும் இடுக்கு வழியாக உள்ளே போய் வருவது இன்றும் திருச்செந்தூர் போகிறவர்களின் சடங்கு. முருகனின் ஆறு படைவீடுகளில் ஐந்து மலையையும் சோலையையும் சார்ந்தவை என்றும், இது ஒன்றுதான் கடற்கரையில் இருக்கிறது என்றும் மேடையில் பேசுவார்கள். இங்கேயும் மலை இருக்கிறது. அது கடல் பெற்ற மலை, அவ்வளவுதான்.

இந்தக் கல்லால் கட்டிய பழைய கோயிலை உப்புக்காற்று அரித்துவிட்டது. இப்போது நாம் பார்க்கும் கருங்கல் திருப்பணி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மௌன சுவாமியால் தொடங்கப்பட்டு, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி என்று தொடர்ந்தது. மூவருக்கும் கடற்கரையில் சமாதி உண்டு. மணற்கல் ஏன் உப்புக்காற்றில் நிற்காது என்பதை இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் யாரும் சொல்வார்கள்: உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் போகும், வெயிலில் உள்ளேயே படிகமாகும், படிகம் பருக்கும், மேல்தோல் பொருக்கு விடும். கருங்கல்லில் அது நுழைய இடமில்லை.

நாழிக்கிணற்றுக்கு வருவோம். கடலிலிருந்து கூப்பிடு தூரம். படியிறங்கிப் போனால் உவர்ப்பில்லாத ஊற்று. மணப்பாட்டுக் குகையருகிலும் இப்படி ஒரு கிணறு உண்டு. கடலோரத்தில் நல்ல தண்ணீர் என்பது அதிசயமாகத்தான் தோன்றும். கணக்கு என்னவோ எளிது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. மணலுக்குள் இறங்கிய மழைநீர் அந்தக் கனத்த நீரின்மேல் எண்ணெய் போல மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு முழம் நன்னீர் நின்றால், அதன் கீழே நாற்பது முழம் நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு டச்சுக்காரரும் பிறகு ஒரு ஜெர்மானியரும் தனித்தனியே கண்டு எழுதிய விதி இது. நுண்துளை நிறைந்த சுண்ண மணற்கல் பெய்த மழையை உடனே கடலுக்கு விடாமல் பஞ்சு போலப் பிடித்துக்கொள்கிறது. விதியைத் திருப்பிப் பார்த்தால்தான் கலக்கம் வரும். மேலே ஒரு முழம் இறைத்தால் கீழே நாற்பது முழம் உப்பு ஏறும். உடன்குடி வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் உவராகிக்கொண்டு வருவதைப் பற்றிச் சம்சாரிகள் சொல்லும் புகார் இந்த ஒற்றை வாக்கியத்தில் அடங்கும். ஊற்றுக் கிணறுகள் பிழைத்திருப்பதற்கு, அவற்றிலிருந்து வாளியால் மட்டும் மொள்ளுகிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

*

ஊர்கள் வரலாற்றுக்குள் வருவதைச் சொல்லவேண்டும். மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பார், வேம்பார் என்பவை முத்துக்குளித்துறைப் பரதவரின் ஏழு கடல்துறைகள். முத்துச் சலாபத்தின் மேல் யாருக்கு உரிமை என்ற சண்டையில் தவித்த பரதவர், 1530களின் நடுவில் கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்த்துக்கீசியரின் துணையைக் கேட்டார்கள். துணை கிடைத்தது, ஞானஸ்நானமும் கூடவே வந்தது. 1537 முடிவதற்குள் ஏறத்தாழ 20,000 பேர் கத்தோலிக்கராயினர். அப்போது சவேரியார் இந்தியாவுக்கே வந்திருக்கவில்லை. இந்தக் கரையைக் கிறித்தவமாக்கியவர் அவர் என்று பலர் எண்ணுகிறார்கள்; அது சரியல்ல. 1542 அக்டோபரில் அவர் வந்தபோது, பெயரளவில் கிறித்தவர்களாகவும் ஜெபம் தெரியாதவர்களாகவும் இருந்த ஒரு சமூகத்தைக் கண்டார். தமிழ் தெரிந்தவர்களை வைத்து மந்திரங்களைத் தமிழாக்கி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார்.

மணப்பாட்டுக் குன்றின் மரபு அதற்கும் முந்தியது. 1540இல் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்த போர்த்துக்கீசியக் கப்பலொன்று இங்கே கரை ஒதுங்கியது. தப்பிய தலைவன் நேர்ந்துகொண்டபடி, முறிந்த மரத்தில் சிலுவை செய்து குன்றில் நட்டான் என்று ஊர் சொல்கிறது. குன்றின் கோயில் 1581இல் எழுந்தது. 1583இல் திருச்சிலுவையின் துண்டு ஒன்று உரோமையிலிருந்து வந்து சேர, செப்டம்பர் 14 அன்று பெருவிழா கொண்டாடும் வழக்கம் அப்போதிருந்து தொடர்கிறது. குகையைப் பற்றியோ, சவேரியாருக்கு முன் ஒரு சைவத் துறவி அதில் இருந்தார் என்று கத்தோலிக்க மரபே சொல்கிறது. இதை மறைக்காமல் சொல்லிவந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கடலோரத்தில் கூரையும் பக்கத்தில் நல்ல தண்ணீரும் உள்ள இடத்தைத் துறவிகள் மதம் பார்த்தா தேர்ந்தெடுப்பார்கள்?

குகை மரபின் விஷயம். சவேரியார் மணப்பாட்டில் இருந்தார் என்பதோ ஆவணத்தின் விஷயம். 1544இல் அவர் இங்கிருந்து தம் உதவியாளர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதங்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் தவத்தைவிட நிர்வாகம் அதிகம். அந்த ஆண்டு ஜூனில் வடுகர் படை தாக்கியபோது தென்கோடிப் பரதவர் குமரிமுனைக்கருகே கடற்பாறைகளில் ஏறி ஒளிந்தனர். பசியும் தாகமும் அவர்களைத் தின்றன. சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிப் புறப்பட்டார். காற்று எதிர்த்தது. தண்டு வலித்தும் நகர முடியாமல் திரும்பினார்கள். ஜூனில் தெற்கே போகும் தோணியை மறிப்பது எந்தக் காற்று என்று இக்கரையில் கேட்டால் சின்னப் பிள்ளை சொல்லும்: கச்சான். மலைக் கணவாய்கள் வழியாக இறங்கி, புழுதி கிளப்பி, தேரி மணலை நகர்த்துகிற தென்மேற்குக் காற்று. மணப்பாடு மாதிரியான மேடுகளை எழுப்பியதும் இப்படிப்பட்ட காற்றுகள்தாம்.

தேரி என்றதும் இன்னொன்று. தொல்லியலாளர்கள் பிரெட்ரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி எழுதினார்கள். மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கமெல்லாம் செம்மணலில் விரல்நகம் அளவுக் கற்கருவிகள் கிடந்தன. கடல் மட்டத்தின் பழைய நிலைகளை வைத்துக் கி.மு. 4000 அளவில் இருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். மணல்மேட்டில் உட்கார்ந்து, பக்கத்துக் கடலிலும் கழியிலும் மீன்பிடித்துப் பிழைத்தவர்கள் அந்தக் கருவிக்காரர்கள். லெ எய்சியில் மனிதன் வந்தபோது பாறை கிழமாகியிருந்தது. இங்கே மேடுகள் உருவாகிக்கொண்டும் நகர்ந்துகொண்டும் இருந்தபோதே மனிதன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

*

கரையில் தெரியும் இந்தக் கல் அலைக்குக் கீழேயும் தொடர்கிறது. தூத்துக்குடிக்கு நேர் கடலில் மணல் தரைக்கு நடுவே எழும் கெட்டித் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். சுண்ணாம்பு ஒட்டி இறுகிய மணலும் செத்த பவளமும் சேர்ந்த தளங்கள் அவை. முத்துச்சிப்பியின் குஞ்சு ஒட்டி வளரக் கெட்டியான இடம் வேண்டும். மணலில் புதைந்தால் செத்துவிடும். பார் இருப்பதால்தான் முத்து, முத்து இருப்பதால்தான் கொற்கை, கொற்கையால்தான் பாண்டியனின் பெயர் கிரேக்க மாலுமிகளின் குறிப்பேட்டுக்குள் போனது. ஒவ்வொரு பாருக்கும் தனிப்பெயர் உண்டு. தொள்ளாயிரம் பார் அவற்றில் பேர்போனது. கடல் உயிரியலாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1905இல் இந்தப் பார்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தபோது, குளியாட்களின் வழக்குப் பெயர்கள் அப்படியே ஆவணத்தில் ஏறின. சில ஆண்டுகள் சிப்பி கொட்டிக் கிடக்கும், பல ஆண்டுகள் ஒன்றுமிருக்காது. இத்துறையில் பெரிய அளவில் சலாபம் நடந்தது 1961இல், அதுவே கடைசி. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1973இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது. பாரில் முத்து எடுக்கும் காலம் திரும்பவில்லை. சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்னும் மூழ்குகிறார்கள்.

முத்து என்பதும் கால்சியம் கார்பனேட்தான். கிளியோபாத்ரா காதுமுத்தைக் காடியில் போட்டுக் கரைத்துக் குடித்தாள் என்று ரோமானியர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். கதை எவ்வளவு உண்மையோ, புளித்த நீரில் முத்து கரையும் என்பது உண்மை. பதிராக்கில் பாறை கரைந்ததும் அப்படித்தான். நம் சித்த மருத்துவர்கள் முத்துப் பற்பம், சங்குப் பற்பம், பவளப் பற்பம் என்று மூன்றாகப் பிரித்து மூன்று விலை வைத்தார்கள். வேதியியல்காரன் மூன்றையும் ஒரே புட்டியில் போட்டு ஒரே சீட்டு ஒட்டுவான். இருவரில் யார் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. விலையில் மட்டும் வேதியியல்காரன் பக்கம் நிற்கலாம்.

ஏழைகளின் பயன்பாட்டில் சுண்ணாம்பு இன்னும் நெருக்கமானது. கரையில் ஒதுங்கும் சிப்பியையும் கிளிஞ்சலையும் பொறுக்கிக் காளவாசலில் சுட்டு, நீற்றி, வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள், வெற்றிலைக்குத் தடவினார்கள். பனையேறிக்கு அது இல்லாமல் தொழிலே கிடையாது. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போது அதன் உள்சுவரில் சுண்ணாம்பு பூசுவார்கள். பூசாவிட்டால் வடிவது புளித்துக் கள்ளாகிவிடும்; பூசினால் புளிப்பேற்றும் உயிர்கள் அடங்கி, விடியும்வரை பதநீர் இனிப்பாக நிற்கும். உடன்குடிக் கருப்பட்டியின் பேருக்குப் பின்னால் தேரி மணலும் பனையேறியின் உழைப்பும் இருப்பதை எல்லோரும் சொல்கிறார்கள். கலயத்தின் அடியில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பூச்சை யாரும் சொல்வதில்லை.

இதுவரை சொன்னது, கடல் தானாகக் கொடுத்ததை எடுத்த கதை. அடுத்தது வேறு. தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை வளைகுடாவில் 21 தீவுகள். பவளத் திட்டின்மேல் மணலும் சல்லியும் குவிந்து உண்டானவை. பவளத்தை முருகைக்கல் என்போம். சுட்டால் நல்ல சுண்ணாம்பு. பல ஆண்டுகள் அதைக் கடலடியில் கடப்பாரையால் பெயர்த்து, தோணியில் ஏற்றி, சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் கொண்டுவந்தார்கள். 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின்பும் அது நிற்கவில்லை. 2001இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் பிடி இறுகியது. அதற்குள் தூத்துக்குடிக் குழுவின் விலாங்குசல்லித் தீவும், கீழக்கரைக் குழுவின் பூவரசன்பட்டித் தீவும் நீருக்குள் போய்விட்டன. கடல் மட்டம் உயர்வதும் ஒரு காரணம். ஆனால் அலையை முறிக்கும் திட்டைப் பெயர்த்துவிட்டுக் கடலைக் குறை சொல்லி என்ன பயன்? கல் எடுத்தவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள். சுண்ணாம்பு வாங்கியவர்களின் பெயர் எங்கும் வருவதில்லை.

தூத்துக்குடிக்கு மிக அருகிலுள்ள வான் தீவும் தேய்ந்து தேய்ந்து அந்த நிலையை நெருங்கியது. 2015 முதல் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான செயற்கைப் பவளக் கட்டமைப்புகளைக் கடலில் இறக்கினார்கள். வடிவமைப்பு சென்னை ஐ.ஐ.டி.யினுடையது; தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் இருந்தது. அலையின் வேகம் குறைந்து மணல் மீண்டும் சேரத் தொடங்கியிருக்கிறது. இறக்கியவை சிமெண்டுக் கான்கிரீட். சிமெண்டுக்கு மூலம் சுண்ணாம்புக்கல். கடலிலிருந்து அள்ளியதை நிலத்திலிருந்து தோண்டிக் கடலுக்குக் கொடுத்திருக்கிறோம்.

*

லாஸ்கோவை 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பதினைந்தே ஆண்டுகளில், 1963இல், மூடவேண்டி வந்தது. நாளுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளே போய் மூச்சுவிட, அந்தக் கரியமிலவாயுவும் ஈரமும் சுவரைக் கெடுத்தன. பச்சைப் பாசி படர்ந்தது. பள்ளிக்கூடக் குவளையில் நடந்ததுதான், ஓவியங்களின் மேல். இப்போது அங்கே போகிறவர்கள் பார்ப்பது நகல். 1983இல் ஒன்று செய்தார்கள், 2016இல் அதைவிட முழுமையாக இன்னொன்று. அசல் குகை இருட்டில் பூட்டிக் கிடக்கிறது.

மணப்பாட்டுக் குகைக்கு அந்த வழி பொருந்தாது. அதன் வாய் கடலுக்குத் திறந்தது. எத்தனை பேர் மூச்சுவிட்டாலும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்கு ஆபத்து வெளியிலிருந்து. இராமேசுவரம் பக்கம் கரைமேல் தங்கிவிட்ட பழைய பவளத் திட்டுகள், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிடச் சற்று மேலே நின்றதைக் காட்டுகின்றன. அந்த உயரத்துக்கு அது மறுபடி வரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. திருச்செந்தூரில் 2025 தொடக்கத்தில் கடல் அரித்து மணல் இறங்கியபோது, தீர்த்தங்களின் பெயர் வெட்டிய பழைய கற்கள் வெளியே தெரிந்தன. செய்தியாளர்கள் ஓடினார்கள், பக்தர்கள் கைபேசியில் படமெடுத்தார்கள். பிறகு மணல் திரும்பியது. மணப்பாட்டில் கருமேனியாற்றின் கழிமுகத்து மணல்திட்டு ஆண்டுக்கொரு வடிவம் எடுக்கும். குன்று கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்பதால்தான் அதன் ஒரு பக்கம் மணல் சேர்கிறது, ஊருக்கு ஒதுங்கலான கடல் கிடைக்கிறது. அலைச்சறுக்கு விளையாட வருகிற இளைஞர்களுக்கு நல்ல அலை கிடைப்பதும் அந்த மூக்கால்தான். குன்று போனால் போவது ஒரு குகை மட்டுமல்ல, துறை.

ஆனால் குகையைப் பூட்டி நகல் செய்யும் பேச்சை மணப்பாட்டில் யாரும் எடுக்கமாட்டார்கள். செப்டம்பர் முதல் தேதி கொடியேறிவிட்டால் பதினான்கு நாளும் ஊர் நிரம்பி வழியும். தூத்துக்குடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கடல் கடந்தும் சொந்தக்காரர்கள் வருவார்கள். கொழும்பு வியாபாரத்தில் செழித்த காலத்து வீடுகள் சில திறக்கப்படும். சுண்ணாம்புக் காரை பெயர்ந்த திண்ணையில் பாய் விரிப்பார்கள். குன்றேறிச் சிலுவையை முத்தி செய்துவிட்டு, குகைக்கு இறங்கி, கிணற்றுத் தண்ணீரை மொண்டு குடித்து, மிச்சத்தைப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊருக்குக் கொண்டுபோவார்கள். நோயாளிக்குக் கொடுப்பார்கள், வாசலில் தெளிப்பார்கள். கடைசிச் சொட்டும் காய்ந்தபின் பாட்டிலின் அடியில் மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று நிற்கும். குன்றிலிருந்து கரைந்து வந்தது அது.